கையுறை இல்லாத கட்டைவிரல்

சுத்த அறையில் வேலைக்கு வருகிறவன் முதலில் பழக வேண்டியது, மூக்கு அரித்தால் சொறியாமல் இருப்பதற்கு. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. உள்ளே போய்விட்டால் கண் மட்டும்தான் ஆள். பத்தொன்பது வருஷம் அப்படி இருந்தவன் நான். அரிப்பு பெரிய விஷயமில்லை. நினைக்காமல் இருந்தால் தானே அடங்கிவிடும்.

நான் படித்தவன் இல்லை. அப்பா மூட்டை தூக்கினார், நானும் நாலு வருஷம் தூக்கினேன். அப்புறம் இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பம்ப் கழுவ வந்து, உலோகம் பூசும் மெஷினுக்கு டெக்னீஷியன் ஆனேன். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஆர்கான் வாயு விட்டு மின்சாரம் கொடுத்தால், அது உலோகத் தகட்டை மோதி மோதி உதிர்க்கும். உதிர்ந்தது எதிரே இருக்கும் கண்ணாடி வில்லையில் படியும். பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் செலோடேப்பை ஒட்டிப் பிடுங்குவோம். டேப்போடு உலோகம் வந்தால் பட்ட பாடு வீண்.

எங்கள் ப்ரொபசரிடம் அந்த ஆய்வு மாணவி சேர்ந்த வருஷம் பூச்சு கறுத்துக் கறுத்து வந்தது. ப்ரொபசர் கையை விரித்துவிட்டார். பதினோரு நாள் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஒவ்வொரு மூட்டிலும் ஸ்பிரிட் தடவி, மீட்டர் முள் துள்ளுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு. அது வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, ஸ்டெதஸ்கோப்பு" என்று சிரித்தாள்.

அந்தப் பூச்சை வைத்துக் கட்டுரை போட்டாள். முடிவில் ஏழு பேருக்கு நன்றி. ஏழாவது, அவள் வளர்த்த பூனை. நான் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருக்கு அலைகிற ஆள் இல்லை நான்.

கட்டுரை வந்த மறுநாள் காலை மெஷினைத் திறந்து வலது கையுறையைக் கழற்றினேன். வில்லை உட்காரும் தட்டுக்கு அடியில், சூடேறுகிற இடத்தில், கட்டைவிரலை ஒருமுறை தேய்த்தேன். தோலின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. சூட்டில் ஆவியாகி வில்லையில் போய் உட்காரும். அதன்மேல் உலோகம் படியும், ஆனால் பிடிக்காது. ஒரு ஓட்டத்தில் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் தினமும் தேய்க்க வேண்டியிருந்தது. எட்டு மாதம் நான் லீவே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன்.

அவளை நான் தனியே விடவில்லை. சேர்ந்தே கசிவு பார்த்தோம், வாயு சிலிண்டரை மாற்றினோம், தகட்டை மாற்றினோம். அழுதபோது டீ வாங்கிக் கொடுத்தேன். ப்ரொபசர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மொதல்ல ஒட்டிச்சுன்னு எழுதுனியே, அது நெசமா ஒட்டிச்சா, இல்ல நீயா எழுதிக்கிட்டியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாட்சி சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கெடு வைத்தார்கள். அதற்குள் பூச்சு நிற்காவிட்டால் பட்டம் இல்லை, பொய்க்காரி என்ற பட்டம் மட்டும். இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் படுத்துவிட்டேன்.

திரும்பி வந்த காலையில் மெஷினை ஓட விட்டுவிட்டு, நோட்டோடு நின்றிருந்தாள்.

"மூணு நாளும் ஒட்டிச்சுண்ணே. நீங்க இல்லாத மூணு நாளும். மெஷினுக்கு உங்களப் பிடிக்கல போல."

"சார்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இல்லண்ணே. ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லலாம்னு."

கண் மட்டும்தான் தெரிந்தது. அது சிரிக்கவில்லை.

"பவர் கனெக்ஷன் லூசா இருக்கும். கையுறைய மாத்திக்கிட்டு வந்து அதுக்கு மேல இருக்கிற மூடியத் தூக்கி, ஒரு திருகு திருகிப் பாரு."

"கரண்டு?"

"மூடியத் தூக்கினா தானா கட் ஆயிரும். பயப்படாத."

பொய் இல்லை. அதற்கென்றே மூடிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. பழுது பார்க்கையில் மூடியைத் திறந்து வைத்து அளவெடுக்க வேண்டுமென்றால், ஒரு சின்ன ஒயரைப் போட்டு அந்தச் சுவிட்சை ஏமாற்றி வைப்போம்; மூடி திறந்திருந்தாலும் கரண்டு ஓடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அவள் கையுறை மாற்றப் போன ஐந்து நிமிஷத்தில் நான் அந்த ஒயரைப் போட்டேன். பிறகு ஸ்டோருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போனேன். மெஷினுக்கு அது தேவைப்பட்டது.

அவள் கரண்டு அடித்துச் செத்ததை விபத்து என்று எழுதி மூடியிருந்தீர்கள். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் கதவை நானாகத்தான் வந்து தட்டினேன். மனசாட்சி உறுத்தியது என்று நினைக்காதீர்கள். அறிக்கையை எனக்கு ஒருவர் படித்துக் காட்டினார். 'கவனக்குறைவான ஊழியர் ஒருவர் ஒயரைக் கழற்ற மறந்ததால்' என்று இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு ஒயரையும் மறந்ததில்லை. மறக்கவில்லை, மாட்டினேன். அவள் சாக வேண்டும் என்றுதான் மாட்டினேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியே அந்த 'ஊழியர் ஒருவர்' என்பதையும் அடித்துவிடுங்கள். அங்கே என் முழுப் பெயர் வரட்டும். முதல் பக்கத்திலேயே.