அத்தானுக்கு ஒரு பெட்டி

கண்ணாடியைத் தொடாமல் பாருங்கள், மேடம். காலையில்தான் துடைத்தேன், விரல் பட்டால் ரேகை அப்படியே நின்றுவிடும். ஆமாம், கம்ப்யூட்டர்தான். பொம்மை வீடு என்றுதான் பார்க்கிறவர்கள் முதலில் நினைப்பார்கள்.

அக்காவும் அத்தானும் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். வர நேரமாகும், உட்காருங்கள். போன தடவை நீங்கள் வந்தபோது அத்தானிடம், "மனுவை ஏன் சார் வாபஸ் வாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டீர்கள். அவர் இந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருக்கே, இதை யார் செஞ்சது?" என்றீர்கள். இந்த வீட்டுக்கு வந்துபோன எத்தனையோ பேரில் அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதனால் உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

நான் மாடி அறையில் இருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு விதவிதமாகப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். ஒருவருக்குக் கப்பல் மாதிரி, ஒருவருக்குப் பழைய வானொலி மாதிரி. தொழில் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அத்தான் அதைத் 'தகரம் தட்டுறது' என்பார். விருந்தாளிகள் முன்னால் 'தண்டச்சோறு' என்றும் சொல்வார், சிரித்துக்கொண்டேதான். அவருக்கு வாய் கொஞ்சம் பெரிது, மனதில் ஒன்றும் கிடையாது என்பாள் அக்கா. இருப்பதையெல்லாம் வாய் வழியாகக் கொட்டிவிட்டால் மனதில் என்ன மிஞ்சும்?

அத்தான் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிறவர். சுவர், படி, வாசலில் நிற்கும் கார், மரத்தின் நிழல் வரைக்கும் திரையில் கொண்டுவந்துவிடுவார். பழைய கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்காமல் ஒருநாள் புகைந்து போனது. "மாப்ளே, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன். சூடானா வெளியில தெரியற மாதிரி ஏதாவது வை" என்றார். அவர் என்னிடம் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு வரைகிறவருக்கு வீடுதானே பொருத்தம்? இந்த வீட்டையே செய்தேன். இரும்புப் பெட்டியின் பக்கத்தை அறுத்துக் கண்ணாடி வைத்தேன். படிக்கட்டு அக்ரிலிக். அறுத்த விளிம்பில் அரத்தை ஓட்டி, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தால்தான் இப்படிக் கண்ணாடியாகும். அவசரப்பட்டால் வெள்ளை பூத்துவிடும். பெயிண்ட் அடிக்கும்போது தூசி ஒட்டாமலிருக்க ஒரு அட்டைக் கூடாரம் கட்டி அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஒரு வாரம் தும்மினால் நீலமாக வந்தது. ஒவ்வொரு வயருக்கும் பின்னல் உறை மாட்டி, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் மாதிரி சுவரோரமாக இறக்கியிருக்கிறேன், பாருங்கள். விசிறிகள் அதிராமலிருக்க ரப்பர் வளையம். கடைசியாக மாடி ஜன்னலில் ஒரு விளக்கு. கம்ப்யூட்டர் குளிர்ச்சியாக இருந்தால் நீலம், சூடேறினால் சிவப்பு.

அந்த விளக்கையும் விசிறியையும் என் போனிலிருந்தும் மாற்றலாம். திரையில் என்ன ஓடுகிறது என்பதும், அதன் கேமரா முன்னால் நடப்பதும் பேசுவதும் போனில் வந்துவிடும். பழுது என்றால் மாடியிலிருந்தே பார்த்துவிடலாமே என்றுதான் அப்படி வைத்தேன். வேறு எண்ணம் அப்போது இல்லை.

முதல் தடவை நான் எதுவுமே செய்யவில்லை. அத்தான் திரையில் இந்த வீட்டின் படத்தைத் திறந்தார். கீழ்த்தளம் அப்படியே இருந்தது. மாடியில் என் அறையின் சுவரை நகர்த்தியிருந்தார். என் வேலை மேசை இல்லை, கட்டில் இல்லை, நானும் இல்லை. என் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, பாரமான படம் என்பதால், ஜன்னல் தானாகச் சிவந்து விசிறிகள் அலற ஆரம்பித்தன.

"மாப்ளே! ஓடி வா, செவக்குது பாரு!"

இறங்கி வந்து பார்த்தேன். "அந்தப் படம் அதுக்கு ஒத்துக்கலை போலிருக்கு அத்தான்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் படக்கென்று படத்தை மூடினார், ஜன்னல் மெல்ல நீலமானது. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை அவர் அதைத் திறந்தபோது வெளியே நல்ல மழை, குளிர். கம்ப்யூட்டர் தானாகச் சூடேறாது போலிருந்தது. நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன்.

அத்தான் அக்காவிடம் கத்தும்போதும் ஜன்னல் சிவக்க ஆரம்பித்தது. அவர் கத்துவது எனக்குக் கேட்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை; தெருமுனை வரை கேட்கும். "கத்தினா ரூம் சூடாகுது அத்தான், இதுக்குள்ள இருக்கறதெல்லாம் நாசூக்கான சாமான்" என்று விளக்கினேன். படித்த மனிதர், யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கொஞ்ச நாளில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். அக்கா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னடா இது, இவரு இவ்வளவு பதமா பேசறாரு! காய்ச்சல் கீய்ச்சல் இருக்குமோ?" என்று சிரித்தாள். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்லவன் என்றிருப்பீர்கள்.

ஆனால் அத்தானே கேட்க ஆரம்பித்துவிட்டார். முதலில் வேடிக்கையாக, "என்ன, மீசையை எடுத்துடலாமா?" என்றார். நீலம் காட்டினேன். எடுத்துவிட்டு வந்து நின்றபோது அடுத்த வீட்டு ஆள் யாரோ தவறி வந்துவிட்டது போலிருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டை. கட்டம் போட்டவை எல்லாவற்றுக்கும் சிவப்பு; எனக்குக் கட்டம் பிடிக்காது. பிறகு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடுவது. அதற்குக் காரணம் ஒன்றுமில்லை, பொழுது போகவில்லை. டீக்குச் சர்க்கரை போடலாமா என்றுகூடக் குனிந்து ரகசியமாகக் கேட்பார். நான் மேலே என் டீயைக் குடித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

மாடிச் சுவரை இடிக்கிறதற்கு அவருடைய சிநேகிதர், ஒரு மேஸ்திரி, அளவு நாடாவோடு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், வாடா போடா என்று பேசிக்கொள்கிறவர்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் சிவந்துவிட்டது. அத்தான் அவரை உள்ளே கூப்பிடவில்லை. "இன்னொரு நாள் பாக்கலாம்டா" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார். சாத்திவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றார். அந்தச் சிநேகிதர் பிறகு வரவில்லை.

அந்த வீட்டுப் படத்தில் என் அறைக்கு அத்தான் என்ன பெயர் எழுதியிருந்தார் என்பதை இன்னும் சொல்லவில்லை, இல்லையா? 'குழந்தை அறை.' தத்து எடுக்கிற குழந்தைக்குத் தனி அறை வேண்டும் என்று உங்கள் அலுவலகம்தானே கேட்டது? எத்தனையோ வருட மருந்து மாத்திரைக்குப் பிறகு அவர்கள் உங்களிடம் வந்தார்கள். நீங்கள் ஒரு படம் அனுப்பினீர்கள். சின்னப் பெண், ஒரு காலில் மட்டும் செருப்பு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அக்கா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, பக்கத்துத் தெருவுல உனக்கு ஒரு ரூம் பாத்துக்கலாமாடா? சாப்பாடு எப்பவும் போல இங்கதான். ராத்திரிக்கு மட்டும் அங்க."

"சரிக்கா" என்றேன். அக்கா சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை.

குழந்தையை ஏற்றுக்கொள்கிறோம் என்று நீங்கள் அனுப்பிய பக்கத்தில் சம்மதம் கொடுக்கும் நாள் வந்தது. அத்தான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள், வெளியே எங்கும் போகவில்லை, இந்த மேசை வரைக்கும்தான். அத்தான் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

சிவப்பு. விசிறிகளையும் முழு வேகத்தில் விட்டேன். மாடிக்கே கேட்டது.

"வெளக்குங்க அது. வெறும் வெளக்கு. அமுக்குங்க" என்றாள் அக்கா.

"இது இதுவரைக்கும் எங்கிட்ட தப்பா சொன்னதில்லம்மா" என்றார் அத்தான். அழுதுகொண்டே சொன்னார். விரலை எடுத்துவிட்டார்.

மறுநாள் வாபஸ் கடிதம் எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் ஜன்னலை நீலமாகவே வைத்திருந்தேன். சாதாரண நீலமில்லை, கொஞ்சம் பச்சை கலந்தது. அந்த நிறத்துக்காகவே தனியாக மெனக்கெட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். நீலம் அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்கா வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகளை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. இப்போது சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவளே மாடிக்கு வருகிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பக்கத்துத் தெரு அறையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

அத்தானுக்குத்தான் உடம்பு கொஞ்சம் சரியில்லை. குளிக்கலாமா, கூடாதா என்பதைக்கூட அவரால் தனியாக முடிவு செய்ய முடிவதில்லை. இன்றைக்கு டாக்டரிடம் போகலாமா என்றும் கேட்டார். நான்தான் நீலம் காட்டி அனுப்பி வைத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஆக, எல்லாம் நான் செய்ததுதான். பெட்டியும் நான் செய்தது, அந்தக் கடிதமும் நான் எழுத வைத்தது. தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடமும் சொல்லுங்கள். திட்டுவாள். சின்ன வயதில் திட்டாத திட்டா? திட்டிவிட்டுச் சாப்பாடு போடுவாள். அந்தப் பெண்ணை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, இவர்கள் மனம் மாறினால் இப்போதும் தரலாம் என்றுதானே வந்திருக்கிறீர்கள்? வேண்டாம், மேடம். நல்ல குழந்தை, வேறு நல்ல வீடு கிடைக்கும்.

உங்கள் கோப்பில் மட்டும் ஒன்றைத் திருத்திவிடுங்கள். 'பிள்ளை இல்லாத தம்பதி' என்று அதில் இருக்கிறது. அம்மா போன நாளிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அக்காதான். பிள்ளை இல்லை என்று அவளைப் பார்த்து யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அவள் பிள்ளை மாடியில் பத்திரமாக இருக்கிறான். வருகிற மாதம் அவனுக்கு நாற்பது வயது.