பச்சையாக வந்த பதில்

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது, ஐயா. அப்பா மூட்டை தூக்கியவர். லாரி வராத நாளில் வீட்டில் உலை வைக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருள் எங்களுடையது. எழுதுவது முதலில் நினைவகத்தில் நிற்கும், பிறகு டிஸ்க்கில் இறங்கும். இறங்கிய பிறகே 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொல்ல வேண்டும். புதிய பதிப்பில் அதை முன்கூட்டியே சொல்ல வைத்தேன். வேகம் மூன்று மடங்கு கூடியது. ஆள்குறைப்புப் பட்டியலிலிருந்து மேலாளர் என் பெயரை அடித்தார்.

"பரவால்லப்பா, கடைசில நீயும் ஒரு வேலை பாத்துட்ட," என்றார்.

வெளியிடும் முன், ஓடுகிற கணினியின் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான்தான் பிடுங்கினேன். டிஸ்க்கில் இறங்க எத்தனை நொடி ஆகுமென்று எனக்குத் தெரியும். அதற்குமேல் ஐந்து நொடி விட்டுப் பிடுங்கினேன். எதுவும் தொலையவில்லை.

இறங்கிய பிறகே சொல்ல வைக்கும் திருத்தம் ஒரே வரி. அன்றே எழுதி வைத்துவிட்டேன். அனுப்பினால் வேகம் விழும். பட்டியலோ இன்னும் மூடப்படவில்லை. நாற்பது வயதிலேயே கூனிப்போன அப்பாவின் முதுகைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் கை வந்திருக்காது. பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போன பிறகும் பதினோரு நாள் பொறுத்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு வார்டில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. முட்டி ஆபரேஷன் ஆன பஸ் டிரைவருக்கு வலி ஊசி போட்ட நர்ஸ், அதைப் பதிந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். அடுத்து வந்தவள் திரையைப் பார்த்தாள். ஊசி போட்டதாக இல்லை. மறுபடி போட்டாள். டிரைவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

விசாரணைக்கு நிறுவனம் என்னையே அனுப்பியது.

"சத்தியமா பதிஞ்சேன் சார். சேமிக்கப்பட்டதுன்னு பச்சையா வந்துச்சு. பாத்துட்டுதான் போனேன்," என்றாள் முதல் நர்ஸ்.

டிரைவரின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். "பச்சையா வந்துச்சாம். என் வீட்டுக்காரரு நீலமாப் போயிட்டாரேடி. மிஷினா பொய் சொல்லும்?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

நான் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவந்தேன். பட்டியல் மூடிய அன்று, 'சிறு சீரமைப்பு' என்று பெயரிட்டு அந்த வரியை அனுப்பினேன். அதன்பின் எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவு தொலையவில்லை. முதல் நர்ஸுக்கு ஐந்து வருடம் சிறை கிடைத்தது.

டிஸ்க்கில் அப்படியொரு பதிவு இல்லை என்றுதான் அறிக்கையில் எழுதினேன். படித்துப் பாருங்கள், ஐயா. அதில் ஒரு பொய்கூட இல்லை.