தானாய் உட்கார்ந்த உப்புக்குச் சாட்சி நின்றவருக்கு

கட்டுமாவடி உப்பளத்தின் கண்காணிப்பாளராய், கண்டிப்பும் கருணையும் கைகோத்து நடக்க, இருபத்தாறு ஆண்டுகள் கடமையாற்றி இன்று ஓய்வு பெறும் ஜனாப் முகம்மது கனி சாகிபு அவர்களுக்கு, உடனுழைத்தோர் உள்ளம் உவந்து படைக்கும் மடல்.

பண்பின் உறைவிடமே,

பாத்தியில் தாமே இறங்கிப் பதம் பாராமல் ஒரு நாளும் தாங்கள் உப்பை வாரச் சொன்னதில்லை. நாவில் ஒரு கல் வைத்தே ஈரம் சொல்லும் தாங்கள், வீட்டுக் குழம்பில் உப்பு மிகுந்தால் மட்டும் அறியமாட்டீர்கள் என்று தங்கள் இல்லத்தார் சொல்வதாகக் கேள்வி.

வாரிய உப்பைக் குவித்து, மேலே மரக்கட்டையால் முத்திரை குத்துவது நம் அளத்து வழக்கம். முத்திரை சிதைந்தால் திருட்டு, காவலாளியே குற்றவாளி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், அய்யாக்கண்ணுவின் காவலில் இருந்த பெருங்குவியல் ஒரு சாண் தாழ்ந்து, முத்திரையும் பிளந்து கிடந்தது. போலீசுக்கு ஆள் போயிற்று. "ஒரு பிடி அள்ளலைங்க, எம்புள்ளைக மேல சத்தியம்" என்று அவர் அழுதபோது, அவருக்காக வாய் திறந்தவர் தாங்கள் ஒருவரே.

ஈரக்காற்று பட்டால் உப்புக் கல்லின் முனை கரையும். முனை கரைந்த கற்கள் ஒன்றையொன்று தாங்காமல் நழுவும். மேலே உள்ளவை இறங்கி நெருங்கி அமர, முத்திரையும் பிளக்கும். இதைத் தாங்கள் பொறுமையாய் விளக்கியும் முதலாளி அவர்கள் ஏற்கவில்லை.

"குவியலு தானாத்தான் உக்காந்துச்சுங்க. வேற குவியல்ல முத்திரை குத்துறேன், எல்லாரும் இங்கிட்டு வந்து இருந்து பாருங்க. ஒடையலைன்னா அய்யாக்கண்ணோட என்னையும் சேத்து அனுப்பிருங்க" என்றீர்கள்.

தூறல் விழுந்த அந்தப் பகல் முழுவதும், இன்று தலைமை தாங்கும் முதலாளி அவர்களோடு, குவியலைச் சுற்றி நனைந்தபடி அமர்ந்திருந்தோம். பொழுது சாயும் வேளையில், ஒரு கையும் படாமல், முத்திரை நடுவே கீறல் விட்டது. வந்த போலீசார் வந்த வழியே திரும்பினர்.

அன்று முதல் முத்திரை சிதைந்தால் முதலில் காற்றைப் பார்க்கிறோம். காவலாளியைப் பார்ப்பது பிறகுதான். அளத்தில் காவல் காக்கும் ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

கால் நோகாமல் கடற்கரையில் உலவி, பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் நலமாய் வாழ ஆண்டவனை இறைஞ்சுகிறோம்.

எழுத்தறியாத அய்யாக்கண்ணு, கைரேகை போதாது என்று சொல்லி, அதே முத்திரைக் கட்டையை மையில் தோய்த்து எங்கள் பெயர்களுக்கு மேலே தாமே பதித்திருக்கிறார். இது எந்தக் காற்றுக்கும் உடையாது.

என்றும் தங்கள் அன்பு மறவாத
உப்பள ஊழியர்கள்
கட்டுமாவடி, ஆவணி 1941