சுண்ணாம்புச் சூடு

அரூரிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் கல்யாணமான மகளும். கல்லறைத் திருநாளுக்காக அம்மாவின் கல்லறையை வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது. அவர் காலடியில் இரும்பு வாளி. அதில் சுண்ணாம்புக் கல்.

“வூட்லயே தண்ணி ஊத்தி ஆறவெச்சு எடுத்தாந்திருக்கலாமில்லப்பா?”

“அங்க போய் ஊத்திக்கலாம். உங்கம்மாவுக்குக் குளிரும்.”

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி பட்டா கல்லு கொதிக்குமில்ல? வாளிய கல்லறை மேலயே வெச்சுக் கலக்குறேன். கொஞ்ச நேரம் அவளுக்குச் சூடு எறங்கட்டும்.”

“வெப்ப உமிழ் வினைன்னு ஸ்கூல்ல படிச்சிருக்கேன்ப்பா. அந்தச் சூடு அவ்ளோ ஆழம் போகாது.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

“கால்மாட்டுல வைங்கப்பா,” என்றாள் மகள். “அம்மாவுக்குக் கால்தான் மொதல்ல சில்லுன்னு ஆயிரும்.”