கோக் கரியும் கோபுரத்து மணியும்

எனக்கு ஆறின காபிதான் பிடிக்கும் ஐயா. இருபத்தாறு வருடமாக என் மனைவி பங்காரம்மா இதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டு மணி நேரம் சூளைக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்குத் தொண்டையிலும் சூடு வேண்டுமா? நீங்கள் குடியுங்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் என்னுடையது ஆறட்டும்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக நீங்கள் எழுதிய ஆய்வு அறிக்கையைப் படித்தேன். ஒன்பது பக்கம். கரீம் என்ற தொழிலாளி மணி அடிக்குமுன்பே அவசரப்பட்டுக் கதவைத் திறந்ததால் விபத்து என்று முடித்திருக்கிறீர்கள். கோக் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, எரிபொருள் என்ற கட்டத்துக்குள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஆலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன்.

என் பெயர் நரசிம்மலு. பாலக்காட்டு ரோட்டிலிருக்கும் அந்த சிமென்ட் ஆலையில் பர்னர். சூளைக்குள் எரிகிற நெருப்பு என் பொறுப்பு. நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு பார்வை பார்த்தால், உள்ளே வேகிற சிமென்ட் கல் வெந்ததா வேகவில்லையா என்று சொல்லிவிடுவேன். லேப் சீட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து அதையேதான் சொல்லும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அப்படித்தான்.

போன வருடம் ஐப்பசியில் நிலக்கரியோடு கோக்கைக் கலக்க ஆரம்பித்தார்கள். கச்சா எண்ணெயைக் காய்ச்சி எல்லாவற்றையும் உறிஞ்சிய பிறகு அடியில் தங்குகிற கறுப்பு. விலை குறைவு, சூடு அதிகம், சாம்பல் கிடையாது. ஆனால் கந்தகம் ஏராளம். கொண்டு வந்தவர் எங்கள் இன்ஜினியர் நஞ்சப்பன். காங்கேயத்துப் பிள்ளை, முப்பது வயது. கெட்ட வார்த்தை வாயில் வராது. நான் அவரிடம் போய், இது பத்து நாள் தாங்காது, கந்தகம் மேலே ஏறிச் சூளைக் கோபுரத்தை அடைத்துவிடும் என்றேன். அவர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

“ஏனுங்கண்ணா, நீங்க சொல்றது நெசந்தானுங்க. ஆனா காத்தச் சரியா உட்டா கந்தகம் கல்லோடயே போயிருமுங்க. பாருங்களேன், ஓடும்.”

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பது இதுதான். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஓடியது ஐயா. பத்து நாள் ஓடியது, நாலு மாதமும் ஓடியது. கேன்டீனில் எனக்குப் பத்து நாள் அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தட்டை நீட்டினால், பத்து நாள் ஆச்சுங்களாண்ணா என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பார் ஊற்றுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். கரீமும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். உக்கடத்துக்காரர். சூளைக்குப் பின்னால் ஆறு மாடி உயரக் கோபுரம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மாவு அதன் வழியாகச் சூடாகிக்கொண்டே இறங்கிச் சூளைக்குள் விழும். நடுவில் எங்காவது அடைத்தால் சின்ன இரும்புக் கதவைத் திறந்து கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். அதுதான் கரீமின் வேலை. மாவு மேலே வரை நிறைந்திருக்கும்போது கதவைத் திறந்தால் எண்ணூறு டிகிரியில் தண்ணீர் மாதிரி பாய்ந்து வரும். அந்த இரைச்சலில் போனில் பேசினால் காதில் விழாது. அதனால் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். கீழே கண்ட்ரோல் ரூமில் பர்னர் மாவை நிறுத்தி, முள்ளைப் பார்த்து, உள்ளே இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு ஒரு பொத்தானை மூன்று தரம் அழுத்துவார். கதவுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். அப்புறம்தான் திறக்கலாம்.

பன்னிரண்டு வருடத்தில் என் மணியில்லாமல் கரீம் ஒரு தரம்கூடக் கதவைத் தொட்டதில்லை. ஒரு முறை மேனேஜரே மேலேறிப் போய்த் திற என்றிருக்கிறார். “அண்ணன் மணி அடிக்கட்டுங்க சார்” என்று கம்பியைக் கீழே வைத்துவிட்டாராம். ரமலான் மாதத்தில் எனக்கென்று தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாசி மாதம் கோக்கின் பங்கைக் கூட்டப் போவதாகச் சொன்னார்கள். நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் ஷிப்டில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். காற்றுப் பற்றாத நெருப்பில் கந்தகம் கல்லில் தங்காது, புகையாக மேலே ஏறும். மாவு பாகுப் பதத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். இது நஞ்சப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார், நான் கண்ணால் தெரிந்துகொண்டேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கோக் அடைக்கும் என்று சொன்னேன், அது அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு கோபுரத்தின் அடியிலிருக்கும் சைக்ளோன் என்ற கூம்புத் தொட்டியின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. அடைத்துவிட்டது. மாவை உடனே நிறுத்த வேண்டும். நான் பதினேழு நிமிடம் நிறுத்தவில்லை, மாவு மேலே வரை நிறைந்தது. சின்ன அடைப்பு என்றால் அரை மணியில் குத்தி எடுத்துவிடுவார்கள், மத்தியானம் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும். நாலு மாதம் சிரித்தவர்களுக்கு அது போதாது. கூட இருந்தவரை ஸ்டோருக்கு அனுப்பினேன். மேலே கரீமும் அவருடைய உதவியாள் முஸ்தபாவும் கதவடியில் காத்திருந்தார்கள். முஸ்தபா காற்றுக் குழாய் எடுக்கக் கீழே இறங்கினார்.

அப்போதுதான் அடைப்பைக் கேள்விப்பட்டு டவுனிலிருந்து நஞ்சப்பன் போன் செய்தார்.

“அண்ணா, நான் வாரேனுங்க. அதுவரைக்கும் மணி அடிச்சுப்போடாதீங்க. மாவு பூரா எறங்கட்டுமுங்க, எத்தன நேரம் ஆனாலுஞ் செரி.”

அவர் சொன்னது சரி. முழுக்கச் சரி. இருபத்தாறு வருடம் அந்த மணியை அடித்தவனுக்கு, எப்போது அடிக்க வேண்டும் என்று போனில் பாடம் நடத்துகிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் வந்து, காற்று முள்ளைப் பார்த்து, சரிபண்ணி, சாயங்காலமே மறுபடி ஓட்டிவிடுவார். மறுநாள் கேன்டீனில் நான்தான் மறுபடியும் பத்து நாள் அண்ணன்.

நான் போனை வைத்தேன். முள் பூஜ்யத்திலேயே நின்றது, மாவு இறங்கவில்லை. பொத்தானை மூன்று தரம் அழுத்தினேன்.

பாய்ந்த மாவில் வெந்து, கரீம் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் இறந்தார். நானும் போயிருந்தேன். அவர் மனைவி பக்ருன்னிசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. உங்கள் விசாரணையில் நான் மணி அடிக்கவேயில்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு மறுநாள் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது. அழவில்லை. வாசலிலேயே நின்றது.

“அண்ணா, அவரு கடைசி வரைக்கும் ஒண்ணுதான் கேட்டுட்டிருந்தாருங்க. அண்ணன் மணி அடிச்சுதே, அப்புறம் எப்படி வந்துச்சுன்னு. மணி கேக்காம அவரு தொடமாட்டாருங்க. அது ஒண்ண மட்டும் சொல்லிப்போடுங்க. எம்புள்ளைங்க அப்பன் அவசரக்காரன்னு கேட்டு வளர வேண்டாமுங்க.”

வலியில் அப்படித் தோன்றியிருக்கும் அம்மணி என்றேன். பங்காரம்மா உள்ளேயிருந்து காபி கொண்டு வந்தாள். அந்த அம்மா குடிக்கவில்லை.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் ஐயா. கோக்கை நிறுத்திவிடுவார்கள், ஒரு உயிர் போனதற்கு அந்தப் பலனாவது மிஞ்சும் என்று நினைத்தேன். உங்கள் அறிக்கை வந்தது. போன திங்கட்கிழமை நஞ்சப்பன் என்னைத் தேடி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க மேல தப்பில்லீங்கண்ணா, கோக்கு மேலயும் தப்பில்லன்னு எழுதிட்டாங்க” என்றார். கண் கலங்கியிருந்தார். வெளியே லாரி லாரியாகக் கறுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இனி முழுக்க அதுதானாம்.

அப்படியானால் கரீம் எதற்குச் செத்தார்? யாராவது கேட்டீர்களா? ஒன்பது பக்கம் எழுதினீர்களே.

அதனால் மாற்றி எழுதுங்கள். காற்றைக் குறைத்தது நான். மாவை நிறுத்தாதது நான். மணியும் நான்தான் அடித்தேன், மூன்று தரம், வழக்கப்படி. கரீம் காத்திருந்துதான் திறந்தார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுவிடாதீர்கள் ஐயா, அங்கே கோக் என்று எழுதுங்கள். அது அடைக்கும் என்று நான் முதல் நாளே சொன்னேன்.