ரேடியேட்டரில் பொங்கிய நுரை

"பட்டு வேகவைக்கிற சோப்புத் தண்ணிய எவனாவது வண்டிக்கு ஊத்துவானாய்யா?"

மாகறல் சாலையில் நின்றுபோயிருந்த பழைய வேனுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கத்தினார். எங்கள் ஷேர் ஆட்டோ பக்கத்தில் போய் நின்றது. வேனின் முன்பக்கம் நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மாளுக்குப் பக்கத்தில் மாலையோடு கல்யாணப் பெண்.

சாயப்பட்டறைக்காரரான பெண்ணின் அப்பா வெளியே நின்று தலையைச் சொறிந்தார். "பட்டுல இருக்குற பசையே போவுது, ரேடியேட்டர் துரு போவாதான்னு நேத்து ஊத்திக் கழுவினேன்மா."

"நல்லா அலசினியா?"

"நுரை நிக்கவே இல்ல. நேரமாயிடுச்சின்னு மூடிட்டேன்."

"அங்க முகூர்த்தம் போய்க்கினு இருக்குது!"

அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தார்.

"அப்பா, தொறக்காத! மூஞ்சி வெந்துடும்!" பெண் குதித்து இறங்கினாள். "ஆட்டோவுல போயிடலாம் வா."

"ரெண்டு பேருக்குத்தான்மா எடம் இருக்குது," என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க போங்க. எஞ்சின் ஆறினதும் வந்துடறேன்," என்றார் அப்பா.

"என்னைத் தாரை வாத்துக் குடுக்கப்போறது யாரு, இந்த வேனா? நீ ஏறினாத்தான் நான் ஏறுவேன்."

ஆட்டோவில் தனியாக வந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் வயலை ரசிப்பதுபோல் நடித்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. இறங்கினேன்.

கிளம்பிய ஆட்டோவிலிருந்து அப்பா தலையை நீட்டினார். "சார், சாவி வேன்லயே இருக்குது! எவனாவது ஓட்டிக்கினு போயிடப்போறான், பாத்துக்கங்க!"