பன்னிரண்டாவது முகம்

டீ நன்றாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கம்மியாக இருந்தால்தான் பிடிக்கும். கேட்காமலே அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

வரிசையாகவே சொல்கிறேன். ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. நீங்களும் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். தூணுக்குத் தூண் கேமரா, தரைக்கு அடியில் நடையை அளக்கும் தகடுகள். யார் களைத்திருக்கிறார், யார் பதறுகிறார், யார் அழுகையை அடக்குகிறார் என்று கூடம் தானாகவே தெரிந்துகொள்ளும். கூட்டம் எரிச்சலாக இருந்தால் கூரைப் பலகைகள் திறந்து காற்று வரும். களைத்தவர் உட்கார்ந்தால் பெஞ்சு இளஞ்சூடாகும். மனம் உடைந்தவர் சாய்ந்தால் அந்த இடத்துச் சுவர் மட்டும் அந்தி நிறத்துக்கு மாறி, மூச்சு விடுவதுபோல மெல்ல ஒளிர்ந்து தணியும். தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே நிற்கக் கூடாத மனநிலையில் ஒருவர் நின்றால் கைப்பிடிக்கு மேலே கண்ணாடித் தடுப்பு எழும்பும். இரண்டு வருடத்தில் மூன்று முறை எழும்பியிருக்கிறது. மூன்று பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் பிறகு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா முதல் முறை அங்கே வந்தது வீட்டுச் சாவியைக் கொடுக்க. நான் ஒரு கூட்டத்தில் இருந்ததால் ஏழாவது தூண் பக்கம் உட்காரச் சொன்னேன். அவள் மகள் இறந்து அப்போது நான்கு மாதம். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான், பத்தொன்பது வயது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், போனவளைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பேசினால் தாங்க மாட்டார், அதனால்தான். நானும் அக்கா ஆரம்பிக்கும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் இறங்கி வந்தபோது அவள் சுவரில் கன்னத்தை வைத்திருந்தாள். சுவர் மாறியிருந்தது.

“இது என்னைக் கவனிக்குதுடா” என்றாள்.

அது எல்லாரையும் கவனிக்கும் என்றேன். பரவாயில்லை என்றாள்.

மறுநாளும் வந்தாள். அதன் பிறகு தினமும். காலை பத்து மணிக்கு வந்தால் நான்கு மணி வரை இருப்பாள். யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஆனால் ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் துக்கம் உட்கார்ந்திருந்தால் கூடம் என்ன செய்யும்? ஏழாவது தூணைச் சுற்றி வெளிச்சம் இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த மங்கலில் வாடுவார்கள். கூடம் அவர்கள் முகத்தையும் பார்த்து இன்னும் மங்கும். இரண்டு மாதத்தில் பாதிக் கூடம் அந்தியாகவே இருந்தது. பழரசக் கடைக்காரர் என்னிடம் வந்து, எழவு வீட்டில் கடை போட்ட மாதிரி இருக்கிறது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மற்ற ஊர்களிலிருந்து ஒரு குழு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இதேபோல எட்டுக் கூடங்கள், எட்டுக்கும் நானே பொறுப்பு. மேலதிகாரி ஏழாவது தூணை ஒரு முறை பார்த்துவிட்டு, “பாத்துக்கங்க” என்றார்.

நான் அக்காவிடம் பேசினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“வீட்டுல சுவர் சுவராத்தான் இருக்கு” என்றாள்.

என்னைத் தூக்கி வளர்த்தவள். வாசலில் காவலாளியை நிறுத்தி அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வலிக்காத வழியாகத்தான் தேடினேன்.

கூடத்துக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. துப்புரவு வேலை செய்பவர்களும் காவலாளிகளும் நாள் முழுக்க அங்கேயே நடக்கிறார்கள். அவர்கள் களைப்புக்கெல்லாம் கூடம் அசைந்துகொண்டிருந்தால் பயணிகளுக்கு என்ன மிஞ்சும்? அதனால் அந்த முகங்களைப் பார்த்தாலும் பார்க்காததுபோல இருந்துவிடும். பதினொரு முகங்கள் இருந்தன. அக்கா முகத்தைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தேன். என்னிடம் இருந்த நல்ல படம், மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று எடுத்தது. இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். ஒரு முகம்தான் வேண்டும் என்பதால் அந்தப் பெண்ணை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல் வர கொஞ்ச நேரம் பிடித்தது.

குழு பதினொரு மணிக்கு வந்தது. கூடம் அவ்வளவு பிரகாசமாக இருந்து நான் பார்த்ததில்லை. மேலதிகாரி கீழே அவர்களோடு இருந்தார். நான் மாடியில் திரைகளுக்கு முன்னால்.

அக்கா வழக்கமான இடத்தில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். அடுத்த பெஞ்சுக்கு மாறினாள், அதற்கடுத்த பெஞ்சுக்கும். பேச மறுக்கும் குழந்தையிடம் சிரித்துக் காட்டுவதுபோலச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அழுதாள். எங்கும் எதுவும் மாறவில்லை. பட்டியல் சரியாக வேலை செய்தது.

கூடத்தைப் பெருக்கும் அம்மா மேலே ஏறி வந்தார். “சார், உங்க அக்கா சுவத்துல கைய வெச்சிட்டே நிக்கறாங்க. எரியவே மாட்டேங்குது. ரிப்பேரா?”

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

“எனக்கு என்னைக்குமே எரியாது, அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எரியுமே சார். ஒரு எட்டு கீழ வந்து பாருங்களேன்.”

வேலை இருக்கிறது என்றேன். அவர் படியிறங்கிப் போனார்.

அக்கா கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். நான் எங்கே உட்காருவேன் என்பது அவளுக்குத் தெரியும். கேட்பதுபோலப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து நடைபாலத்துப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

அந்த அறையில் நான் எவ்வளவு கையாலாகாதவனாக இருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாலத்துக்குத் தனிப் பட்டியல் கிடையாது. ஒன்றே போதும் என்று ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பன்னிரண்டு முகங்களுக்கும் அங்கே கண்ணாடி எழும்பாது. அக்கா படத்தைச் சேர்க்கும்போதே அது எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு படிகள். அவளுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்துத்தான் ஏறுவாள். நேரம் இருந்தது. தடுப்பைக் கையால் எழுப்பும் பொத்தான் என் வலப்பக்கம். அழுத்தினால் கூடம் முழுக்கச் சிவந்து மணி அடிக்கும். குழு அப்போது கூடத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் வாசலைத் தாண்டட்டும் என்று பார்த்தேன். அவள் கைப்பிடி அருகே சற்று நேரம் நின்றாள். எதுவும் எழும்பாது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல அதைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு ஓட்டமும் அலறலும் எழுந்தன. அத்தனை முகங்களையும் பார்த்துக் கூடம் ஒரே சமயத்தில் அந்தியானது. கூரைப் பலகைகள் திறந்தன, பெஞ்சுகள் சூடாயின. குழுவில் வயதான ஒருவர் மாடிக்கு வந்து, இப்படி ஒரு கட்டடத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நன்றி சொன்னேன்.

சாயங்காலம் மாமா மருத்துவமனை வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அவ மேல ஏறினப்ப யாருமே பாக்கலையா?”

“யாரும் பாக்கல மாமா” என்றேன்.

அது பொய். அதை ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் வேலை.